ஸ்கிராம்பிளரும் சமன்பாடும்

நம் நாட்டில் ஸ்கிராம்பிளர் என்றால் அறியாத இளைஞர் இல்லை. உயர்ந்து நிற்கும் மட்கார்டு, முட்டு முட்டாய்ப் புடைத்த டயர், நீண்ட முன்கவை, ஒடுங்கிய இருக்கை ஆகியவற்றைக் கொண்டு, மேடு பள்ளம் பாராமல் செம்மண்ணிலும் சேற்றிலும் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள் அது. பெயருக்குப் பின்னால் ஒரு கதையும் உண்டு. 1924-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இங்கிலாந்தின் கேம்பர்லி என்னுமிடத்தில் கரடுமுரடான நிலத்தில் ஒரு போட்டி நடத்தினார்கள். ஓட்டுபவரின் நுட்பத்தைச் சோதித்து மதிப்பெண் இடும் பழைய முறையை விட்டுவிட்டு, யார் முதலில் வருகிறார் என்பதை மட்டும் பார்ப்பதாக முடிவு செய்ததால் பழைய பெயர் பொருந்தவில்லை. முட்டி மோதிக்கொண்டு ஏறுவதைக் குறிக்கும் ஸ்கிராம்பிள் என்ற ஆங்கிலச் சொல்லையே வைத்துவிட்டார்கள். உலகம் பின்னர் மோட்டோகிராஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. நம் செம்பனைத் தோட்டங்களில் மட்டும் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

தமிழாசிரியன் ஒருவன் மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதுவதா என்று சிலர் எண்ணக்கூடும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளியேறியபோது எனக்குக் கிடைத்த முதற்பணி ஒரு தோட்டப் பள்ளியில். பெருஞ்சாலையிலிருந்து பள்ளிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் செம்மண் சடக்கு. எழுபது சி.சி. கப்சாய் ஒன்றில் போய் வந்தேன். மழை பெய்த மறுநாள் மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே களிமண் அடைத்துக்கொண்டு சக்கரம் சுழலாமல் நின்றுவிடும். குச்சியால் மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, சட்டையில் செம்புள்ளிகளோடு வகுப்பறைக்குள் நுழைந்த நாட்கள் பல. ஸ்கிராம்பிளரின் மட்கார்டு ஏன் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை எனக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. சேற்றில் வண்டி வழுக்கி, விழாமல் தப்பி நிமிரும்போது நெஞ்சில் எழும் ஒருவகைக் கிளர்ச்சியும் நான் அறியாததன்று.

இனி, நான் சொல்ல வந்த மாணவனைப் பற்றிச் சொல்கிறேன். 2013-இல் ஆறாம் ஆண்டில் என்னிடம் கணிதம் பயின்றவன். தந்தை செம்பனைக் குலை ஏற்றும் லாரியின் ஓட்டுநர். தாய் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்பவர். எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்று, 2021-இல் ஒரு பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்க இடம் பெற்றான். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழக வாயிலை மிதித்த முதல் ஆள் அவன்தான். கல்விச் செலவு பெரும்பாலும் பி.டி.பி.டி.என். கடனால் நடந்தது. அக்கடனில் ஒரு சலுகை இருப்பதை ஆசிரியர்கள் அறிவர். அக்கால விதிப்படி, இளங்கலைப் பட்டத்தில் முதல் வகுப்பில் தேறியவர் உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு விண்ணப்பித்துக் கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குப் பெற முடிந்தது. அந்த வீட்டின் கனவு முழுவதும் அந்த ஒரு விதியின் மேல் கட்டப்பட்டிருந்தது.

பெருந்தொற்றுக் காலமாதலால் முதற்பருவத்தில் பாதி வகுப்புகள் கணினி வழியாகவே நடந்தன. வீட்டில் இருந்த அந்நாளில், ஒரு பட்டறையில் வேலை செய்து சேர்த்த பணத்தில், பழைய கவாசாக்கி கே.எல்.எக்ஸ். 150 ஒன்றை வாங்கினான். பெயரில்தான் 150, உண்மையில் 144 சி.சி. எஞ்சின். சாலையில் ஓட்டப் பதிவுள்ள வண்டி. பின்னர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அதையும் கொண்டு போனான். பெற்றோர் அதை வகுப்புக்குப் போய்வரும் வாகனம் என்றே நினைத்திருந்தனர். ஒருநாள் உறவினர் ஒருவர் புலனத்தில் அனுப்பிய ஒளிப்பதிவில், மண்மேட்டிலிருந்து பறந்து விழுந்து ஓடும் வண்டியின் மேல் தம் மகன் இருப்பதைத் தாய் பார்த்துவிட்டார்.

அந்த வாரமே இருவரும் பள்ளிக்கு வந்தார்கள். “ஐயா, நாங்கள் சொன்னால் காதில் போட்டுக்கொள்வதில்லை. நீங்கள் சொன்னால் கேட்பான். மோட்டாரை விற்றுவிடச் சொல்லுங்கள்” என்றார் தந்தை. தாய் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பேசியை என் பக்கம் நகர்த்தி அந்த ஒளிப்பதிவைக் காட்டினார். இந்நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே என்பதை அந்த அம்மையாருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் வட்டாரத்தில் அவ்வாறு பிள்ளையை இழக்காத தெருவே இல்லை.

விடுமுறையில் பையன் வந்தான். அவனும் வாதத்துக்கு ஆயத்தமாகவே வந்திருந்தான்.

“ஐயா, சோய்சிரோ ஹோண்டா பட்டம் வாங்கவே இல்லை. பட்டறையிலும் பந்தயத்திலும்தான் வளர்ந்தார்.”

இவ்வாதத்தை இளைஞர் பலரிடம் கேட்டிருக்கிறேன். பாதி உண்மையை மட்டும் சொல்லும் வாதம் அது. 1906-இல் பிறந்த ஹோண்டா, முப்பது வயதளவில், ஏற்கெனவே பட்டறை நடத்திக்கொண்டிருந்த காலத்தில், பிஸ்டன் வளையம் செய்யும் தொழிலில் இறங்கினார். செய்த வளையங்கள் சரிவர அமையவில்லை.  உலோகத்தைப் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது என்பதை உணர்ந்து, ஹமமட்சு நகரத் தொழில்நுட்பப் பள்ளியில் வகுப்புக்குப் போய் அமர்ந்தார். தமக்கு வேண்டிய பாடங்களை மட்டும் கேட்டார், தேர்வு எழுதவில்லை, அதனால் சான்றிதழும் கிடைக்கவில்லை. ஆக, அவர் படிப்பை விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனவர் அல்லர். பட்டறையிலிருந்து படிப்பைத் தேடிப் போனவர். “தம்பி, அவருக்குச் சொந்தமாகத் தொழில் இருந்தது, சான்றிதழ் தேவைப்படவில்லை. உனக்குக் கடன் இருக்கிறது” என்றேன். சிரித்துவிட்டான். சிரித்தபின் பேசுவது எளிதாயிற்று.

விற்றுவிடு என்று நான் சொல்லவில்லை. இருபது வயதுப் பிள்ளையிடம் ஒரு பொருளைப் பறித்தால் அவன் அதைக் கடன் வாங்கியேனும் ஓட்டுவான். நமக்குத் தெரியாமல் ஓட்டுவான். தெரியாமல் ஓட்டுவதுதான் ஆபத்து. மாறாக, பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த ஒரு பழக்கத்தை அவனிடம் கேட்டேன். ஒரு வாரம் முழுவதும் எந்த மணியில் என்ன செய்தாய் என்பதை எழுதிக்கொண்டு வா என்றேன். பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்புக்குள் நுழையக்கூடாது என்று எங்கள் விரிவுரையாளர்கள் வற்புறுத்திய காலம் அது. அன்று சலித்துக்கொண்டோம். இன்று நினைத்துப் பார்த்தால், அக்கல்லூரி எனக்குத் தந்தவற்றுள் மிகவும் பயன்பட்டது அதுதான்.

முதலில் படிப்பின் கணக்கைப் போட்டோம். உயர்கல்வியில் பாடங்களுக்குக் கிரெடிட் என்னும் அளவு உண்டு. எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகமையின் வரையறைப்படி ஒரு கிரெடிட் என்பது மாணவன் 40 மணி நேரம் கற்பதைக் குறிக்கும். விரிவுரை, ஆய்வுக்கூடம், தானே படிப்பது, தேர்வு எழுதுவது எல்லாம் அதில் அடங்கும். ஒரு பருவத்துக்கு 18 கிரெடிட் எடுத்தால் 720 மணி நேரம். பாடவாரங்கள், இடைவிடுமுறை, தேர்வு வாரங்கள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 18 வாரங்கள். வகுத்தால் வாரம் 40 மணி. முழுநேர ஊழியன் ஒருவனின் வேலைநேரத்துக்கு ஏறக்குறையச் சமம். பல்கலைக்கழக மாணவர்களிலேயே இந்தக் கணக்கை அறிந்தவர் மிகச் சிலர். வகுப்பு அட்டவணையில் 20 மணி மட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டு, மிச்சமெல்லாம் ஓய்வு என்று நினைத்துவிடுகிறார்கள்.

அடுத்து வண்டியின் கணக்கு. “ஞாயிறு காலை மூன்று மணி நேரம்தான் ஐயா” என்று முதலில் சொன்னவன், எழுதிக் கொண்டுவந்த தாளைப் பார்த்துத் தானே வியந்தான். ஓட்டியது இரண்டரை மணி. போய்வர இரண்டு மணி. சேற்றைக் கழுவி, செயினைத் துலக்கி எண்ணெய் விட்டு, பஞ்சு வடிகட்டியைக் கழுவி உலர்த்தி மீண்டும் எண்ணெயில் தோய்த்து மாட்ட இரண்டு மணி. காற்று வடிகட்டியை விட்டால் தூசி எஞ்சினுக்குள் போய்விடும். அதைத் தள்ளிப் போட முடியாது. ஓட்டி முடித்தபின் நண்பர்களோடு ரொட்டி சானாய்க் கடையில் ஒன்றரை மணி. சனி இரவு ஆயத்தம் ஒரு மணி. வார நாட்களில் பழுது பார்ப்பதும் உதிரிப்பாகம் தேடுவதுமாக இரண்டு மணி. மொத்தம் 11 மணி.

வாரத்தில் 168 மணி நேரம். நாளுக்கு 7 மணி தூங்கினால் 49 போய் 119. படிப்புக்கு 40 போனால் 79. அதிலிருந்து 11 எடுப்பது பெருங்குற்றமாகாது. இதைக் கண்டவுடன் அவன் முகம் மலர்ந்தது. வழக்கில் வென்றுவிட்டதாக எண்ணினான். எனக்கு அந்தக் கணக்கில் நிறைவில்லை. சராசரி என்பது பொல்லாத ஒன்று. படிப்பின் பளு எல்லா வாரமும் ஒரே அளவில் வருவதில்லை. முதல் நான்கு வாரம் காற்றாட நடக்கும். ஆறாம் ஏழாம் வாரங்களில் இடைத்தேர்வும் ஆய்வறிக்கைகளும் ஒன்றாய் வந்து விழும். பன்னிரண்டாம் வாரத்திலிருந்து மூச்சுவிட நேரமில்லை. வண்டியோ வாரந்தோறும் அதே 11 மணியைக் கேட்கிறது. களைப்பும் கணக்கில் வரவில்லை. கரட்டு நிலத்தில் இரண்டு மணி நேரம் கைப்பிடியை இறுகப் பற்றியவனுக்கு முன்கைத் தசைகள் கல்லாய் இறுகிவிடும். திங்கட்கிழமை காலை எட்டு மணி விரிவுரையில் பேனா பிடிக்கும் கை அது. வள்ளுவர் காலமறிதல் என்று தனி அதிகாரமே வகுத்திருக்கிறார். நாம் அதைப் போருக்கும் அரசுக்கும் உரியது என்று விளக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

ஆகவே மணிக்கணக்கை விட்டுவிட்டு வாரக்கணக்குக்கு வந்தோம். பன்னிரண்டாம் வாரம் தொடங்கித் தேர்வு முடியும்வரை வண்டி தார்ப்பாய்க்குள் இருக்கும். இடைத்தேர்வு வாரத்திலும் அப்படியே. மற்ற வாரங்களில் ஞாயிறு அவனுடையது. யாரும் கேள்வி கேட்கக் கூடாது. பெற்றோரிடமும் இதைச் சொல்லி ஒப்புதல் வாங்கினேன். டயருக்கும் செயினுக்கும் ஆகும் பணம் கல்விக்கடனிலிருந்து எடுக்கப்படாது. சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சம்பாதிக்க வேண்டும் என்பது தந்தை விதித்த நிபந்தனை. கடன் பணம் பருவத் தொடக்கத்தில் மொத்தமாகக் கையில் விழும். அந்நேரத்தில் எல்லாரும் செல்வர்கள்தாம். தனியாகப் போகக்கூடாது, போகுமிடத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று தாய் கேட்டுக்கொண்டார். செம்பனைத் தோட்டம் பொதுத்திடல் அன்று, அது ஒருவருடைய சொத்து, அனுமதி பெற்றுத்தான் நுழைய வேண்டும் என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொண்டேன். குலை வெட்டும் தொழிலாளி தலைக்கு மேலே நோக்கியபடி நீண்ட கோலோடு நிற்கும் இடத்தில் பத்து வண்டிகள் பாய்ந்து வருவதை எந்த நிருவாகமும் விரும்பாது.

இரண்டாம் பருவம் நன்றாகவே போயிற்று. விடுமுறைக்கு வந்தபோது என் மேசையிலிருந்த தாளை எடுத்து ஒரு சமன்பாட்டை எழுதிக் காட்டினான். எடை, சுருள்வில், தணிப்பான் மூன்றும் சேர்ந்த வகைக்கெழுச் சமன்பாடு. “இது என் வண்டியின் முன்கவைதான் ஐயா” என்றான். பள்ளத்தில் விழுந்த சக்கரத்தைச் சுருள்வில் திருப்பித் தள்ளுகிறது. தணிப்பான் இல்லையென்றால் வண்டி பந்தைப் போலத் துள்ளிக்கொண்டே இருக்கும். கவைக்குள் இருக்கும் எண்ணெய் குறுகிய துளைகளின் வழியே நெருக்கிப் போகும்போது அந்தத் துள்ளல் வெப்பமாக மாறி அடங்குகிறது. எண்ணெய் தடித்தால் என்ன ஆகும், மெலிந்தால் என்ன ஆகும் என்பதைக் கையை ஆட்டி ஆட்டி விளக்கினான். ஆறாம் ஆண்டில் பின்னத்தைப் புரிந்துகொண்ட நாளில் அவன் முகத்தில் கண்ட அதே ஒளி. விரிவுரையாளர் பலகையில் எழுதிய குறிகளை வகுப்பில் பலர் படியெடுத்துக்கொண்டிருக்க, இவன் ஒருவன் அவற்றின் மேல் ஏறி ஓட்டியிருக்கிறான்.

இதைக்கொண்டு, பொழுதுபோக்கே படிப்புக்கு உதவுகிறது என்று முடிவு கட்டிவிடலாகாது. நம்மவர் கட்டுரைகளில் அத்தகைய முடிவு எளிதில் வந்துவிடுகிறது. முன்கவையைக் கழற்றத் தெரிந்தவனுக்குச் சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிந்துவிடாது. தேர்வுத்தாளில் வண்டி வராது, குறிகள்தாம் வரும். அவற்றைத் தீர்க்க இரவில் உட்கார்ந்து நூறு கணக்குப் போட்டாக வேண்டும். வண்டி அவனுக்குத் தந்தது அந்த நூறு கணக்குகளையும் போடுவதற்கான விருப்பம் மட்டுமே. அதுவும் சிறிதன்று. ஆனால் விருப்பம் வேறு, உழைப்பு வேறு.

2022-ஆம் ஆண்டு நவம்பரில், இரண்டாம் ஆண்டின் முதற்பருவத்தில், அது நேர்ந்தது. ஐந்தாம் வாரம். நாங்கள் வகுத்த திட்டப்படி ஓட்டலாம் என்று அனுமதிக்கப்பட்ட ஞாயிறு. தனியாகப் போகவில்லை, நால்வர் போயிருந்தனர். சிறுதோட்டக்காரர் ஒருவரிடம் அனுமதி பெற்ற நிலம். தலைக்கவசம், மார்புக் கவசம், முழங்கால் காப்பு எல்லாம் இருந்தன. முதல்நாள் மழை. வெட்டிய மட்டைகளை வரிசையாய் அடுக்கியிருந்த இடத்தில், மட்டைக்கு அடியில் ஒரு கான் இருந்தது தெரியவில்லை. முன்சக்கரம் அதற்குள் இறங்க, இவன் கைப்பிடிக்கு மேலாகப் போய் வலத்தோள் படத் தரையில் விழுந்தான். காறையெலும்பு முறிந்தது. இவ்வகை ஓட்டத்தில் மிகுதியாக முறியும் எலும்புகளில் அது ஒன்று. நீட்டிய கையின் வழியாகவோ தோளின் வழியாகவோ விழுந்த வேகமெல்லாம் அந்த ஒல்லியான எலும்பில் போய்ச் சேர்கிறது.

உயிருக்கு ஒன்றுமில்லை. கையைத் தூளியில் கட்டி, எலும்பு கூட ஆறு வாரத்துக்கு மேலாகும் என்றார்கள். வலக்கைக்காரன். பட்டறைப் பயிற்சியும் பொறியியல் வரைகலையும் கையில்லாமல் முடியாத பாடங்கள். மருத்துவச் சான்று காட்டி அவ்விரண்டையும் அந்தப் பருவத்திலிருந்து நீக்கிக்கொண்டான். நீக்கிய பாடங்கள் மறைந்து போவதில்லை. பின்னொரு பருவத்தில் அவற்றையும் சுமந்து 22 கிரெடிட் எடுக்க வேண்டியதாயிற்று. நாற்பதால் பெருக்கினால் 880 மணி; வாரத்துக்கு ஏறத்தாழ 49. அந்தப் பருவத்தில்தான் அவனுடைய புள்ளி இறங்கிற்று. வெப்பவியலில் ஒன்று, பாய்ம இயக்கவியலில் ஒன்று என இரண்டு பாடங்கள் அவனைக் கீழே இழுத்தன.

தாய் மருத்துவமனையிலிருந்து என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குற்றம் சாட்டவில்லை. “இனி என்ன செய்வது ஐயா?” என்று மட்டும் கேட்டார். எலும்பு கூடும்வரை யாரும் ஒன்றும் தீர்மானிக்க வேண்டாம் என்றேன். கூடியபின் அவனே தீர்மானித்தான். அந்த 22 கிரெடிட் பருவம் முழுவதும் வண்டியைத் தொடவில்லை. எவரும் சொல்லவில்லை. நான்காம் ஆண்டில் மாதத்துக்கு ஒருமுறை ஓட்டினான். தெரியாத தடத்தில் முதல் சுற்றை நடந்து பார்த்துவிட்டு ஓட்டினான்.

2025-இல் பட்டம் பெற்றான். முதல் வகுப்பு எல்லைக்குச் சற்றே கீழே நின்றது அவன் புள்ளி. ஆகவே கடன் விலக்கு இல்லை. இப்போது ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளனாக இருக்கிறான். சம்பளத்தில் ஒரு பகுதி மாதந்தோறும் கடனுக்குப் போகிறது. “அந்த மோட்டார் தின்ற பணம்” என்கிறார் தாய். வண்டி இல்லாவிட்டால் இரண்டாம் ஆண்டோடு படிப்பே சலித்துப் போயிருக்கும் என்கிறான் மகன். என்னைக் கேட்டால், தாயின் கணக்கில் பிழையில்லை என்பேன். அந்த எலும்பு முறியாதிருந்தால் அந்த இரண்டு பாடங்களும் அவ்வளவு இறங்கியிரா. மகன் சொல்வதையும் தள்ளிவிட முடியவில்லை. அவனோடு சேர்ந்தவர்களில் வண்டியே இல்லாமல், வேறெந்த ஈடுபாடும் இல்லாமல், இரண்டாம் ஆண்டிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு திரும்பியவரும் உண்டு. இன்னொரு பெற்றோர் நாளை வந்து இதே வேண்டுகோளை வைத்தாலும், விற்றுவிடு என்று நான் சொல்லப்போவதில்லை. ஒரு வாரத்தை எழுதிக்கொண்டு வா என்றுதான் சொல்வேன்.

நம் ஆசிரியர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. பந்தாட்டம், கித்தார், மீன்பிடி, மோட்டார் என எதுவாயினும் தேர்வு வருகிறது என்றால் முதலில் அதை நிறுத்தச் சொல்கிறோம். எவ்வளவு நேரம் போகிறது, எந்த வாரத்தில் போகிறது, பணம் எங்கிருந்து வருகிறது, யாருடன் போகிறான் என்று கேட்பதில்லை. கேட்டால் கணக்குப் போட வேண்டி வரும். பகுதிநேரமாகப் பட்டப்படிப்பை மேற்கொண்டு, வார இறுதி வகுப்புகளுக்கு ஆண்டுக்கணக்காக ஓடிய ஆசிரியர்கள் நம்மில் எத்தனையோ பேர். நானும் அவர்களில் ஒருவன். பள்ளி, குடும்பம், கோயில் பொறுப்பு, சங்கக் கூட்டம் இவற்றுக்கிடையே அந்த மணிகளை எங்கிருந்து எடுத்தோம் என்பதை மாணவர்களுக்குச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

வண்டி இப்போது தந்தையின் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. தொழிற்சாலை வேலை மாறுமுறை நேரமாதலால் பையனால் அடிக்கடி வர இயலவில்லை. பாட்டரி இறங்கிவிடும் என்று ஞாயிறு காலையில் தந்தையே தார்ப்பாயை விலக்கிப் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுகிறார். போன மாதம் அவ்வழியே போனபோது பார்த்தேன். பஞ்சு வடிகட்டியைக் கழற்றிக் கழுவி, கொடியில் காய வைத்திருந்தார்.